தம்பிக்குக் கொண்டுபோன மழைக்கோட்டு

1

போன வாரம் மகளின் பள்ளியிலிருந்து ஒரு சீட்டு வந்தது. பிள்ளைகளை ஒரு நாள் மலைப்பக்கம் நடக்க அழைத்துப் போகிறார்களாம். "உங்கள் குழந்தையிடம் மழை புகாத கோட்டு உண்டா? ஆம், இல்லை" என்று அச்சடித்து, கீழே பெற்றோர் கையெழுத்துக்கு ஒரு கோடு போட்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காலை எட்டு மணிக்கு மெஷினில் உட்கார்ந்தால் மாலை ஐந்து மணிவரை நான் தைப்பது வேறென்ன?

"எதுக்குச் சிரிப்பு?" என்று மகள் ஆங்கிலத்தில் கேட்டாள். நான் தமிழில் பதில் சொன்னேன். எங்கள் வீட்டில் இப்போது பேச்சு இப்படித்தான் நடக்கிறது, ஆளுக்கொரு கரையிலிருந்து. அவள் பெயர் தேன்மொழி. பள்ளியில் அது யார் வாயிலும் நுழையாமல் 'மாலி' ஆகிவிட்டது. மூன்று வயதில் வந்தவளுக்கு இப்போது எட்டு. மாலி என்றால் சட்டென்று திரும்புகிறாள். தேன்மொழி என்றால் கொஞ்சம் யோசித்துவிட்டுத் திரும்புகிறாள்.

இந்த மாதத்தோடு நாங்கள் இங்கிலாந்துக்கு வந்து ஐந்து வருடம் முடிகிறது. நான் கடலூர் தேவனாம்பட்டினத்து மீன்பிடிக் குடும்பத்துப் பெண், தனபாக்கியம். என் கணவர் எங்கள் ஆட்களிலேயே முதலில் கடலை விட்டு நெய்வேலிச் சுரங்கத்துக்கு ஃபிட்டராகப் போனவர். அங்கிருந்து விண்ணப்பம் போட்டு, வேலைச் சீட்டு வாங்கிக்கொண்டு இந்த வடக்கத்தி ஊருக்கு வந்து சேர்ந்தார். ஐந்து வருடத்தில் என்ன கண்டாய் என்று ஊரில் கேட்கிறார்கள். பனியைப் பற்றியும் கரியடுப்பைப் பற்றியும் காரமில்லாத சாப்பாட்டைப் பற்றியும் யார் யாரோ எழுதிவிட்டார்கள். நான் ஒரு மழைக்கோட்டைப் பற்றி எழுதுகிறேன்.

2

கல்யாணத்துக்கு முன் சிதம்பரத்தில் பெரியம்மா வீட்டில் தங்கி, தெற்கு வீதியில் பெண்களுக்கு நடந்த தையல் வகுப்பில் படித்தேன். ரவிக்கையும் பாவாடையும் தைக்கத் தெரியும் என்று சொல்லித்தான் இந்தத் தொழிற்சாலையில் சேர்ந்தேன். மலை ஏறுகிறவர்கள், ஊர் சுற்றுகிறவர்கள், கூடாரத்தில் படுத்துத் தூங்குகிறவர்கள் இவர்களுக்கு உடை தைக்கும் கம்பெனி. இந்த ஊர்க்காரர்களுக்கு வேலை நாளில் நனையப் பிடிக்காது. விடுமுறை நாளில் நனைவதற்கென்றே கிளம்பிப் போகிறார்கள்.

முதல் வாரம் நான் துணிகளைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று மெழுகு ஏற்றிய பருத்தி. கையில் பிசுபிசுக்கும், பழைய விளக்குத் திரி மாதிரி வாசனை. இன்னொன்று நைலான், உள்பக்கம் தோல்போல ஒரு மெல்லிய பூச்சு. ஊரில் நைலான் வலை வந்த புதிதில் தம்பி சிங்காரம் அதை மடியில் போட்டுக்கொண்டு, "நூலா இது? மயிராட்டம் இருக்குது, அறுக்கவே முடியல" என்று அதிசயப்பட்டது நினைவுக்கு வந்தது. எனக்கு மிகவும் பிடித்தது மூன்றாவது. வெறும் பருத்திதான், பூச்சு எதுவும் கிடையாது. ஆனால் அவ்வளவு நெருக்கமாக நெய்தது. மழை பட்டதும் நூல் உப்பி இடைவெளியை அடைத்துக்கொள்ளும். தண்ணீரே தண்ணீரைத் தடுக்கிற துணி.

தைப்பதிலும் கணக்கு உண்டு. ஊசி போன ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கும் என்பதால் ஓரத்தை மடித்து மடித்து இரட்டைத் தையல் போடவேண்டும். தோளின்மேல் தையலே வரக்கூடாது. மழை முதலில் விழுகிற இடம் அது. அப்போது நாங்கள் தைத்த கோட்டுக்கு முன்பக்கம் திறப்பு கிடையாது. காற்று புகக்கூடாது என்று, தலைவழியே மாட்டிக்கொள்கிற மாதிரி செய்திருந்தார்கள். மணிக்கட்டில் எலாஸ்டிக், இடுப்பில் இழுத்துக் கட்ட ஒரு கயிறு.

ஒருநாள் தேநீர் இடைவேளையில், குடும்பத்தில் யார் யார் என்று கேட்டார்கள். என் அரைகுறை ஆங்கிலத்தில், "ஒன் பிரதர். பிரதர் இன் த ஸீ" என்றேன். தம்பி கடலில் தொழில் செய்கிறான் என்பதுதான் நான் சொல்ல வந்தது. எதிரில் இருந்தவள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள். இன்னொருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். எங்கள் வரிசைக்கு மேற்பார்வை பார்க்கும் டோரிஸ் அம்மாள் எழுந்து வந்து, என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. எந்த வருடம், எத்தனை வயது என்று அவர் மெதுவாகக் கேட்டபோதுதான், என் தம்பியை நானே கடலில் மூழ்கடித்துவிட்டேன் என்று விளங்கியது.

"நோ, நோ! ஃபிஷ்! ஃபிஷ் கேட்ச்!" என்று கத்தினேன்.

அறையே சிரித்தது. டோரிஸ் அம்மாள் மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "மழையில் அவன் என்ன போட்டுக்கொள்வான்?" என்று கேட்டார். ஒன்றுமில்லை, வெறும் உடம்புதான் என்றேன். அவரால் அதை ஏற்கவே முடியவில்லை. அடுத்த வருடம் நான் ஊருக்குப் போகிறேன் என்று தெரிந்ததும், நிறம் கொஞ்சம் மாறிப்போனதால் கடைக்கு அனுப்பாமல் ஒதுக்கிய ஒரு பச்சைக் கோட்டைக் கொடுத்தார். எனக்குப் பிடித்த அந்த நெருக்கமான பருத்தி.

3

கல்கத்தா போகும் கப்பலில் இடம் கிடைத்து, நானும் தேன்மொழியும் மெட்ராஸில் இறங்கினோம். கணவருக்கு விடுப்பு கிடைக்கவில்லை. சுங்கத்தில் ஓர் அதிகாரி பெட்டியைத் திறந்து மற்றதையெல்லாம் தள்ளிவிட்டு, கோட்டை மட்டும் வெளியே எடுத்தார்.

"இது என்னம்மா, ரப்பரா?"

"இல்லிங்க, பருத்தி."

"பருத்தின்னா தண்ணி எப்படி நிக்கும்? ஃபாரத்துல மழைக்கோட்டுன்னு எழுதியிருக்கீங்களே. பருத்தின்னா ஒரு கட்டம், ரப்பர்னா வேற கட்டம்."

நூல் உப்புகிற கதையைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. மேசைமேல் கோட்டை விரித்து, கூஜாவிலிருந்து தண்ணீரை ஊற்றினார். அது முத்து முத்தாய் உருண்டு விளிம்புக்கு ஓடி, அவருடைய ஃபாரக் கட்டின் மேலேயே கொட்டியது. பக்கத்து மேசைக்காரர்களும் வந்து ஆளுக்கொரு கை ஊற்றினார்கள். கடைசியில் 'உபயோகித்த துணி' என்று எழுதிக்கொண்டு விட்டுவிட்டார். "இப்ப நனைஞ்சிடுச்சில்ல, உபயோகிச்சதுதான்" என்றார்.

சிங்காரத்துக்கு அந்தக் கோட்டைப் பார்த்ததும் வந்த சந்தோஷத்தை எழுதத் தெரியவில்லை. தலைவழியே மாட்டிக்கொண்டு குப்பம் முழுக்க ஒரு சுற்று நடந்தான். அவன் மனைவி வள்ளி, "மாமா மூஞ்சி மட்டும்தான் தெரியுது, நண்டு பொந்துலேந்து எட்டிப் பாக்கறாப்புல" என்று சிரித்தாள். தேன்மொழிக்கு அவனோடு பேசத் தமிழ் சரியாக வராது. ஆனாலும் ஒவ்வொரு இடமாகத் தொட்டு, இது பாக்கெட், இது கயிறு என்று அவனுக்குக் காட்டிக் கொடுத்தாள். தன் அம்மா தைக்கிற கோட்டு என்கிற பெருமை அதில் இருந்தது.

ஐப்பசி பிறந்தும் மழை தொடங்கவில்லை, புழுக்கம் ஜாஸ்தி. அந்தப் புழுக்கத்தில் கோட்டைப் போட்டுக்கொண்டுதான் அவன் எங்களோடு சிதம்பரத்துக்கு ரயிலேறினான். மாமாவுக்கு, அதாவது என் கணவருக்கு, காட்ட ஒரு போட்டோ எடுத்து அனுப்பவேண்டும் என்று பிடிவாதம். பரங்கிப்பேட்டை தாண்டுவதற்குள் வியர்வை முகத்தில் கோடு கோடாக இறங்கியது. கழற்றுடா என்றால் கேட்கவில்லை. கீழ வீதி ஸ்டுடியோவில் போட்டோக்காரர் அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"மிலிட்டரிங்களா?"

"இல்லிங்க. கட்டுமரம் தள்றவன். தேவனாம்பட்டினம்."

"அப்ப இது?"

"எங்கக்கா தைச்சுது. லண்டன்ல."

நான் இருப்பது லண்டன் இல்லை. அந்தக் கோட்டைத் தைத்தவளும் நானில்லை, இரண்டு வரிசை தள்ளி உட்காரும் வேறொருத்தி. இரண்டையும் நான் திருத்தவில்லை.

அன்று மாலை அவன் பாசஞ்சர் வண்டியில் கடலூர் திரும்பினான். நானும் மகளும் பெரியம்மா வீட்டில் நான்கு நாள் தங்கினோம். மறுநாளே மழை பிடித்துக்கொண்டது. வீதியில் தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு, தம்பி இப்போது நனையாமல் இருப்பான் என்று நினைத்தபோது மனது நிறைந்திருந்தது. அவ்வளவு தூரத்திலிருந்து ஒருத்தருக்கு நான் செய்ய முடிந்த முதல் காரியம் அது.

4

திரும்பி வந்தபோது சிங்காரத்தின் கழுத்தில் காதுக்குக் கீழே நீளமாக ஒரு சிராய்ப்பு இருந்தது. "வலக்கயிறு ஒரசிடுச்சிக்கா" என்றான். கோட்டு எங்கே என்றேன். "பொட்டில வச்சிருக்கேன். நல்ல நாளுக்குப் போட்டுக்கலாம்." மழை வலுத்தபோதும் அவன் அதை எடுக்கவில்லை. பிடிக்கவில்லை போலிருக்கிறது, என் மனது நோகக்கூடாது என்று மழுப்புகிறான் என்று நினைத்தேன். உள்ளூர ஒரு வருத்தம்.

நான் புறப்படுவதற்கு முந்தைய நாள் அவன் கடலுக்குப் போயிருந்தான். வள்ளி பெட்டியைத் திறந்து கோட்டை என் மடியில் வைத்தாள். கழுத்திலிருந்து அடிவரை கத்தியால் ஒரே கீறலாக அறுத்திருந்தது.

"சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாருக்கா. எனக்குத்தான் மனசு கேக்கல" என்றாள்.

நாங்கள் சிதம்பரத்தில் இருந்தபோது நடந்தது. கோட்டைப் போட்டுக்கொண்டு, இன்னொருவரோடு கட்டுமரத்தில் போயிருக்கிறான். கரை திரும்பும்போது அலை உடைகிற இடத்தில் மரம் சாய்ந்து இரண்டு பேரும் தண்ணீரில் விழுந்தார்கள். எங்கள் ஆட்களுக்கு அது பெரிய விஷயமில்லை. நீந்தி மரத்தைப் பிடித்துக்கொள்வார்கள். ஆனால் கழுத்து வழியாகக் கோட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. இடுப்பில் கயிறு, கையில் எலாஸ்டிக். புகுந்த தண்ணீர் வெளியேற வழியில்லை. நனைந்த துணி மரப்பலகைபோல் விறைத்துக்கொண்டது. தலைவழியே கழற்றப் பார்த்தவனுக்கு முகத்தோடு சிக்கிக்கொண்டது. கூடப் போன பெரியசாமி மாமா, வலைக்கயிறு அறுக்கிற கத்தியால் கழுத்தில் கொடுத்துக் கிழித்து, அவனை உரித்து எடுத்திருக்கிறார்.

நான் கோட்டின் ஓரங்களில் விரலை ஓட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு தையலும் அப்படியே இருந்தது. ஒன்றுகூட விட்டுப்போகவில்லை.

தம்பி கரைக்கு வந்ததும் நேராகப் போய்க் கேட்டேன். "ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

அவன் வள்ளியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மரத்தின் கட்டுக்கயிற்றை அவிழ்த்துக்கொண்டே சொன்னான். "சொன்னா என்னா பண்ணுவ? கப்பல்ல போற வரைக்கும் அழுதுகினே போவ. அவ்ளோ தூரத்துலேந்து தூக்கியாந்து குடுத்தத எப்படிக்கா கொற சொல்றது?"

"உயிரு போயிருந்தா?"

"போவலியே." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தான். "கோட்டுல ஒண்ணியும் கொற இல்லக்கா. உள்ள ஒரு சொட்டுத் தண்ணி வுட மாட்டேங்குது. உள்ள வந்த தண்ணிய வெளிய வுடவும் மாட்டேங்குது. அவ்ளோதான்."

சிரிக்க வைக்கத்தான் சொன்னான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

5

அறுத்த கோட்டை நான் திரும்ப எடுத்து வந்தேன். தொழிற்சாலையில் வெட்டு மேசைக்குப் பொறுப்பானவர் வால்டர் என்கிற பெரியவர். அளவு, வடிவம் எல்லாம் அவர் கையில். அவர் மேசைமேல் அதை விரித்து வைத்தேன். கப்பலில் வரும்போதே வாக்கியங்களை எழுதி மனப்பாடம் செய்திருந்தேன். அங்கே நின்றதும் எல்லாம் மறந்துவிட்டது. "வாட்டர் கம்ஸ். வாட்டர் நாட் கோயிங். மை பிரதர்..." என்று சொல்லிவிட்டு, கைகளை மேலே தூக்கிச் சட்டையைத் தலைவழியே கழற்ற முடியாமல் தவிப்பதுபோல் செய்து காட்டினேன். சுற்றிலும் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. இந்த முறை யாரும் தவறாகப் புரிந்துகொள்ளவில்லை.

முதலாளி வந்து பார்த்தார். அவரே மலை ஏறுகிறவர். இது கடலுக்குச் செய்த உடை இல்லையே என்று பொறுமையாகச் சொன்னார். அது நியாயம்தான். வால்டர் மட்டும், "மலையிலும் ஆறு இருக்கிறது, ஐயா" என்றார்.

அடுத்த சனிக்கிழமை ஊர்ப் பொது நீச்சல் குளத்துக்கு வால்டர், டோரிஸ் அம்மாள், நான், என் கணவர், தேன்மொழி ஐந்து பேரும் போனோம். சேலை கட்டிக்கொண்டு குளக்கரையில் நின்ற என்னைப் பார்த்து டிக்கெட் கொடுப்பவர் விழித்தார். வால்டர் ஒரு புதுக் கோட்டை மாட்டி, கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டு ஆழமான பக்கத்தில் குதித்தார். அறுபது வயதுக்காரர், நன்றாக நீந்துகிறவர். இரண்டு கை போட்டார். கோட்டு உப்பியது. கழற்ற முயன்றார். தலை உள்ளே போய் மறைந்தது. கை மட்டும் வெளியே தெரிந்தது. என் கணவர் சட்டையோடு குதித்து அவரைக் கரைக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்.

வால்டர் வெகுநேரம் இருமினார். பிறகு சிவந்த முகத்தோடு என்னைப் பார்த்து, "உன் தம்பி எப்படிப் பிழைத்தான்?" என்று கேட்டார்.

பெரியசாமி மாமா கத்தியால் கிழித்த அதே தடத்தில் வால்டர் ஒரு புதுக் கோட்டின் முன்பக்கத்தை வெட்டினார். கழுத்திலிருந்து அடிவரை முழுத் திறப்பு, ஒரே இழுப்பில் பிரிந்துவிடும் பிரஸ் பட்டன்கள், அதன்மேல் மழைக்கு ஒரு மடிப்பு. இடுப்புக் கயிறு போயிற்று. பையின் அடியில் தண்ணீர் வடிய ஓட்டைகள். மறுபடி குளத்தில் குதித்து, கண்மூடித் திறப்பதற்குள் கழற்றி எறிந்து காட்டினார். கம்பெனி அந்த மாதிரியை எடுத்துக்கொண்டது. முதலில் முடித்த கோட்டை, மெல்லிய நைலானில், தம்பிக்காக நானே தைத்தேன். பார்சல் ஃபாரத்தில் 'பொருள்' என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கணவர் கேட்டார். "மழைக்கோட்டு, பிரியக்கூடியதுன்னு எழுதுங்க" என்றேன். அவர் எழுதவில்லை.

6

பதில் வர இரண்டு மாதமாயிற்று. தம்பிக்கு எழுத வராது, வள்ளிதான் எழுதுவாள். அவள் பேசுகிற மாதிரியே எழுதுவாள்.

"அக்காவுக்கு வள்ளி எழுதிக்கொள்வது. நீங்க அனுப்புன கோட்டு வந்து சேந்துது. கோச்சிக்கக் கூடாது. அவுரு அதக் கடலுக்குப் போட்டுக்கினு போவல. மரத்துல நின்னா வெறும் உடம்புதான் சொகம், எனக்குக் கோட்டு வேணாம்னுட்டாரு. போன வாரம் வுடாம மழ. நான் மீன் கூடையத் தூக்கிக்கினு மஞ்சக்குப்பத்துக்குக் கெளம்பறப்ப அவுருதான் எம்மேல மாட்டி வுட்டாரு. கூடைத் தண்ணி கழுத்துல எறங்காம அன்னிக்குத்தான் மொத மொதல்ல வூட்டுக்கு வந்தேன். இருமலும் கொறஞ்சிருக்குது. கை ரொம்ப நீளம், மடிச்சி வுட்டுக்கினேன். தொப்பி மட்டும் சரிப்படல. சும்மாடு வச்சா வழுக்குது. அதனால தொப்பியப் பின்னால தள்ளிட்டு நடக்கறேன். மத்தபடி நல்ல கோட்டு."

கடிதத்தை இன்னொரு முறை படித்துவிட்டு மடித்து வைத்தேன். தம்பி நனையக்கூடாது என்று இரண்டு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஈரம் சொட்டுகிற கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, மழையில் தெருத்தெருவாக நடக்கிறவள் வள்ளி. என் அம்மாவும் அப்படி நடந்து விற்றவள்தான். வீடு திரும்பியதும் அவள் முதுகில் நான் கை வைத்துப் பார்த்திருக்கிறேன். சில்லென்று இருக்கும், மீன் செதில் ஒட்டியிருக்கும். அதைத் தொட்டு வளர்ந்தவளுக்கு, மழை என்றதும் கடலில் நிற்கிற ஆண்பிள்ளைதான் கண்ணில் பட்டிருக்கிறான்.

மறுநாள் வால்டரிடம் போனேன். "தம்பிக்கு இன்னொன்றா?" என்றார்.

"தம்பிக்கு இல்லை. தம்பி மனைவிக்கு."

அவர் அளவுப் பலகைகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். பெண்ணுக்கு என்று எங்கள் கம்பெனியில் ஓர் அளவுகூட இல்லை. இத்தனை நாள் நாங்கள் நாற்பது பெண்கள் உட்கார்ந்து தைத்தது எல்லாம் ஆண்களுக்கு. வால்டர் காதைச் சொறிந்துகொண்டு, வெற்று அட்டை ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்து, பென்சிலையும் கொடுத்தார். "அவள் அளவு உனக்குத்தான் தெரியும். நீயே வரை."

சிதம்பரத்தில் படித்த பிறகு முதல் தடவையாக நானே ஒரு வடிவம் வரைந்தேன். தோள் குறுகல், கை குட்டை. கூடையைப் பிடிக்கக் கையைத் தூக்குவாள் என்பதால் அக்குளில் தாராளமாகத் துணி. தொப்பியின் உச்சியில் தட்டையாக ஒரு வட்டம். சும்மாடு வழுக்காமல் இருக்க அங்கே மட்டும் சொரசொரப்பான கித்தான். பின்கழுத்தில் கூரை விளிம்பு மாதிரி ஒரு மடிப்பு. வழிகிற தண்ணீர் முதுகைத் தொடாமல் தள்ளி விழவேண்டும்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை காலை, தைத்து முடித்ததைச் சமையலறையில் போட்டுப் பார்த்தேன். துண்டைச் சுருட்டிச் சும்மாடாக வைத்து, அதன்மேல் பாத்திரம் கழுவுகிற பிளாஸ்டிக் தொட்டியில் உருளைக்கிழங்கும் தண்ணீருமாக ஏற்றிக்கொண்டு, அடுப்புக்கும் கதவுக்கும் இடையில் தண்ணீர் தளும்பி வழிய நடந்தேன். தேன்மொழி விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என் பின்னாலேயே வந்து, கழுத்துக்குள் விரலை விட்டுப் பார்த்தாள்.

"ட்ரை" என்றாள். கொஞ்சம் யோசித்து, "நனையல" என்றாள்.

தொட்டியை இறக்கினேன். அவள் கோட்டைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டாள். முழங்காலைத் தாண்டித் தொங்கியது. துண்டைத் தலையில் வைத்து, உருளைக்கிழங்கை மட்டும் ஒரு கிண்ணத்தில் போட்டு ஏற்றிவிட்டேன். ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வள்ளி அத்தை என்ன சொல்லிக் கூப்பிடுவாங்க?" தமிழில்தான் கேட்டாள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. இங்கே வீடுகள் ஒட்டி ஒட்டி இருக்கின்றன; நடுச்சுவர் மெல்லியது. தொண்டையைச் சரிசெய்துகொண்டு, மஞ்சக்குப்பத்துத் தெருவில் கேட்கிற மாதிரி முழுக்குரலில் கூப்பிட்டேன்.

"மீனோ... மீனேய்... வஞ்சரம், கெழங்கா, நெத்திலியேய்..."

கணவர் சவரச் சோப்பு முகத்தோடு மாடிப்படியில் வந்து நின்றார். தேன்மொழி முற்றத்துக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள். தூறல் விழுந்துகொண்டிருந்தது. "மீனோ... மீனேய்..." என்றாள். நெத்திலி அவள் வாயில் ஏதோ ஆயிற்று. பக்கத்து வீட்டு அம்மாள் சன்னலைத் தூக்கி, என்ன விற்கிறாய் என்று கேட்டாள். "ஃபிஷ்" என்று பதில் சொல்லிவிட்டு, கிண்ணத்தை நேராக்கிக்கொண்டு, மறுபடியும் முதலிலிருந்து கூப்பிட்டாள்.